ஊருக்குப் போற வழியில வண்டியை எங்கே நிறுத்துறது?

(நம் கூட்டமைப்பின் மார்கழி மாதக் கூட்டத்தில் ஒரு குழுவின் சார்பாகப் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதக் கூட்டத்தில், "பொங்கலுக்கு ஊருக்குப் போறவங்க கை தூக்குங்க" என்று தலைவி அக்கா கேட்டப்போ பாதிக்கு மேல் கை தூக்கினோம். பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் இருக்கிற நம்மில் ரொம்பப் பேருக்குச் சொந்த ஊர் வேற. விழுப்புரம், பெரம்பலூர், மதுரை, சாத்தூர், கோவில்பட்டி, திருநெல்வேலி என்று அந்த ஒரே ரோட்டில் வரிசையாக இருக்கிற ஊர்கள்தான். பல்லாவரம் போய் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினால் கோவில்பட்டி வரைக்கும் சுமார் 540 கிலோமீட்டர். நம்ம தலைக்கு மேலேயே நாளெல்லாம் விமானம் இறங்குது, ஏறுது. அதில் ஏறி ஊருக்குப் போனவங்க இந்தக் கூடத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் யாரும் கை தூக்க மாட்டோம். ரயில் டிக்கெட் 60 நாளைக்கு முன்னாடி காலை எட்டு மணிக்குத் திறக்குது, பொங்கல் நாளுக்கு எட்டு அடிச்சு சில நிமிஷத்தில் தீர்ந்துடுது. பஸ்ஸுக்கு முன்னே தாம்பரத்திலோ பெருங்களத்தூரிலோ மூட்டையோடு நின்று ஏறினோம். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு அங்கே போய் ஏறுகிறோம். கைக்குழந்தை, வயசானவங்க, சீர்ப் பாத்திரம், புதுத்துணி, எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு அந்தக் கூட்டத்தில் ஏறி இறங்கினவங்களுக்குத் தெரியும்.

அதனால எங்கள் குழுவில் மூணு குடும்பம் சேர்ந்து ஒரு வேன் வாடகைக்கு எடுத்துப் போக ஆரம்பிச்சோம். இதுவரை இரண்டு தடவை போயிருக்கோம். முதல் தடவை நடந்ததைத்தான் இன்னைக்குச் சொல்லணும்னு தலைவி அக்கா கேட்டுக்கிட்டாங்க. சொல்றதுக்குக் கொஞ்சம் கூச்சமான விஷயமும் இதில் இருக்கு. ஆனா இங்கே இருக்கிறது எல்லாம் பொம்பளைங்கதானே.

அந்த வருஷம் ராத்திரி பத்து மணிக்குப் புறப்பட்டோம். பன்னிரண்டு சீட் வேன், நாங்க பதினோரு பேர். வழக்கம்போல ஆம்பளைங்க முன்னாடி, நாம பின்னாடி. மெப்ஸ் கம்பெனியில வேலை பார்க்கிற எங்க உறுப்பினர் ஒருத்தி ஷிப்ட் முடிச்சு நேரா வந்து வண்டியில ஏறினாள். பல்லாவரத்தில் இருந்து செங்கல்பட்டு தாண்ட இரண்டரை மணி நேரம். பரனூர் டோல்கேட்டுக்கு முன்னாடியே வண்டிகள் மூணு வரிசை நாலு வரிசையா நின்னுது. அந்த நேரத்திலேயே எங்களில் நாலு பேருக்கு இறங்கணும். ஒருத்தரும் வாயைத் திறக்கல.

ஏன் திறக்கல என்று பிறகு நாங்களே உட்கார்ந்து பேசினோம். "இப்பதானே ஏறினீங்க"ன்னு சொல்லிடுவாங்களோன்னு ஒரு பயம். எங்கே நிறுத்துவாங்க, ரோட்டோரம் இருட்டுல எப்படிப் போறதுன்னு இன்னொரு பயம். ஆம்பளைங்களுக்கு அந்தக் கவலையே கிடையாது, வண்டி நின்ன இடத்தில இறங்கிப் போய் வந்துட்டாங்க. நாம என்ன செய்றோம்? தண்ணி குடிக்கிறதை நிறுத்திடுறோம். புறப்படுற அன்னைக்கு மத்தியானத்திலேயே நிறுத்திடுறோம். நம்ம அம்மா அப்படித்தான் செஞ்சாங்க, நாமும் அதைத்தான் பொண்ணுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். "வழியில கஷ்டம்டி, தண்ணி குடிக்காதே."

டிரைவர் தம்பி திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டல்ல நிறுத்தினான். அவனுக்கு அங்கே சாப்பாடு சும்மா. இந்தக் கணக்கு எல்லா லைன் டிரைவர்களுக்கும் தெரியும். ஓட்டல் பேரு வேண்டாம், அந்த மாதிரி இடம் நிறைய இருக்கு. பின்னாடி கழிப்பறையில பல்பு இல்லை, தாழ்ப்பாள் இல்லை, தண்ணி இல்லை. வாசல்ல ஒரு ஆள் உட்கார்ந்து பத்து ரூபா வாங்குறான். பத்தாம் வகுப்புப் படிக்கிற எங்க பொண்ணு ஒருத்திக்கு அன்னைக்குத்தான் மாதவிலக்கு. உள்ளே போயிட்டு அப்படியே திரும்பி வந்துட்டா. கேட்டதுக்கு, "பரவால்லைம்மா, ஊருக்குப் போய்ப் பாத்துக்கிறேன்" என்றாள். ஊர் இன்னும் 400 கிலோமீட்டர் இருக்கு.

மூணு மணி இருக்கும். உளுந்தூர்பேட்டை பக்கம் வண்டி மெதுவா இடது பக்கம் சாய்ந்து மண்ணுல இறங்குற சத்தம். வயித்து வலியில தூங்காம இருந்த அந்தப் பொண்ணுதான் "அண்ணே!"ன்னு கத்தினா. டிரைவர் தம்பி திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினான். அவன் அன்னைக்குப் பகல் பூரா வேற ஒரு சவாரி ஓட்டிட்டு வந்திருக்கான். நாங்க யாரும் அதைக் கேக்கவே இல்லை. வாடகையை மட்டும் பேரம் பேசிக் குறைச்சோம்.

அது அடங்கி ஒன்றரை மணி நேரம் ஆகல, பெரம்பலூர் கிட்டே எங்க உறுப்பினர் ஒருத்தரோட மாமியார் அப்படியே சாஞ்சுட்டாங்க. அறுபத்தெட்டு வயசு, சர்க்கரை இருக்கு. மத்தியானத்தில் இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. மருமக கேட்டப்போதெல்லாம், "வேணாம்மா, இறங்கணும்னு வந்தா உங்களுக்கெல்லாம் தொந்தரவு" என்று சொல்லிட்டு இருந்தாங்க. 108-க்குப் போன் பண்ணினோம். ஆம்புலன்ஸ் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏத்தினாங்க. நல்ல வேளை, எழுந்துட்டாங்க. ஊர் போய்ச் சேர மதியம் பன்னிரண்டு ஆச்சு, மொத்தம் பதினாலு மணி நேரம். பொங்கல் முடிஞ்சு திரும்பி வந்ததும் எங்க உறுப்பினர் ஒருத்திக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும். சிறுநீர்ப் பாதையில கிருமி, அடக்கி வைச்சதும் தண்ணி குடிக்காததும் சேர்ந்து வந்ததுன்னு டாக்டர் சொன்னாங்க. பத்து நாள் தையல் வேலைக்குப் போகல. அந்தச் சம்பளம் போச்சு, உள்கடன் தவணையும் நின்னுது.

அந்தத் தவணை நின்னதால்தான் இது குழுக் கூட்டத்துக்கே வந்தது. ஏன் கட்டலைன்னு கேட்டோம், அவள் அழுதா. அப்புறம் ஒவ்வொருத்தரா சொல்ல ஆரம்பிச்சாங்க. எல்லாருக்கும் இதே கதை. வருஷக்கணக்கா நடக்குது, ஒருத்தரும் தீர்மானப் புத்தகத்தில எழுதினது இல்லை. குடிநீர் வரலை, தெருவிளக்கு எரியலைன்னு எத்தனை மனு எழுதியிருக்கோம்! வண்டியை நிறுத்தச் சொல்றதுக்கு நமக்கு வாய் வரலை.

இந்த இடத்தில ஒரு பழைய விஷயம் சொல்லணும். மதுரைக்குத் தெற்கே ஊர் இருக்கிறவங்க மங்கம்மா சாலை, மங்கம்மா சத்திரம்னு கேட்டிருப்பீங்க. ராணி மங்கம்மாள் 1689-ல் மதுரை நாட்டுப் பொறுப்பை ஏத்துக்கிட்டாங்க, பேரப்பிள்ளைக்காக ஆட்சி நடத்தினாங்க. சாலை போட்டாங்க, ஓரத்தில மரம் வைச்சாங்க, வழிப்போக்கர் தங்கிச் சாப்பிடச் சத்திரம் கட்டினாங்க. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவங்க பேரில் சத்திரம் இன்னும் இருக்கு. ரோடுன்னா போறதுக்கு மட்டுமில்லை, நடுவுல உட்காரவும் இடம் வேணும்னு அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்கு. பழைய ரோட்டோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீங்க, இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல். தலைச்சுமைக்காரங்க யார் உதவியும் இல்லாம சுமையை இறக்கி வைக்கிறதுக்கு. வயித்துப் பிள்ளையோட இறந்துபோன பொண்ணு நினைவாத்தான் அதை நடுவாங்க. நாலு வழிச் சாலை போட்டப்போ அந்த மரமும் கல்லும் நிறைய இடத்தில போயிடுச்சு. வேகம் வந்தது, நிக்கிற இடம் குறைஞ்சுது.

ஜப்பான் நாட்டில 1993-ல் இருந்து ரோட்டோர நிலையம்னு ஒரு ஏற்பாடு வைச்சிருக்காங்க. இப்போ 1,200-க்கு மேல இருக்கு. வண்டி நிறுத்தக் காசு இல்லை, கழிப்பறை 24 மணி நேரமும் திறந்திருக்கும். பக்கத்திலேயே அந்தந்த ஊர் விளைச்சலையும் பலகாரத்தையும் உள்ளூர்க்காரங்களே வித்துக்கலாம். நம்ம குழுப் பொருளுக்கு 'மதி' பேரில் விற்பனை இருக்கிற மாதிரி, இந்த ரோட்டில் நாலு இடத்தில நம்ம மாதிரிக் குழுக்களிடம் கழிப்பறையோட ஒரு கடையும் கொடுத்தா நல்லாத்தான் நடத்துவோம். அது பெரிய பேச்சு, மாவட்டக் கூட்டத்தில் பேசுவோம்.

சரி, நாங்க என்ன செஞ்சோம்னு சொல்றோம். போன பொங்கலுக்கு முதல் தீர்மானம், ராத்திரிப் பயணம் கிடையாது. இதுக்குத்தான் வீட்டில் பெரிய சண்டை. "பகல்ல போனா ஒரு நாள் வேலை போகும், வெயில், டிராபிக்"ன்னு ஆம்பளைங்க ஒத்துக்கல. எங்களிலேயே இரண்டு பேருக்கு ஒரு நாள் கூலி போறது பெரிய விஷயம்தான், அதை லேசா சொல்லக் கூடாது. ஆனா பதினாலு மணி நேரமும் ஆஸ்பத்திரியும் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. போகிக்கு முந்தின நாள் விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டோம். பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம் எல்லாம் விறுவிறுன்னு தாண்டிட்டோம்.

இரண்டாவது, நிறுத்தம் எங்கேன்னு புறப்படும் முன்னாடியே ஒரு காகிதத்தில் எழுதி டிரைவர்கிட்டேயும் கொடுத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டாயம், யாரும் கேட்டாலும் கேக்காட்டாலும். இந்த 'கேக்காட்டாலும்'தான் முக்கியம். கேட்டாத்தான் நிறுத்தம்னு வைச்சா நம்ம கேக்க மாட்டோம்னு நமக்கே தெரியும்.

மதுராந்தகம் ஏரிக்கரையில விடிஞ்சுது. ஏரி காத்த ராமர் கோயில் கதையைப் பிள்ளைங்களுக்குச் சொன்னோம். வெள்ளைக்காரக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1790-களில் இருந்தவர், மழையில ஏரி உடையப்போகுதுன்னு ராத்திரி கரையில நின்னப்போ வில்லோட இரண்டு பேர் காவல் நிக்கிறதைப் பார்த்தார்னு கதை. பிள்ளைங்க ஜன்னல் வழியா ஆள் நிக்குதான்னு தேடிச்சு. திண்டிவனம் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். இது நிறையப் பேருக்குத் தெரியாது: எண்ணெய் நிறுவனங்கள் பங்குகளுக்கு வைச்சிருக்கிற ஒழுங்கு விதியில் கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காத்து எல்லாம் இலவசமாக் கொடுக்கணும்னு இருக்கு. டீசல் போட்டாத்தான் சாவி தருவேன்னு சொன்னா புகார்ப் புத்தகம் கேளுங்க. நாங்க கேட்டோம். அந்தப் பையன் சாவியை எடுத்துக் கொடுத்துட்டான். ரொம்ப சுத்தம்னு சொல்ல மாட்டோம், ஆனா தாழ்ப்பாள் இருந்தது, பக்கெட்டில் தண்ணி இருந்தது. கட்டிக் கொண்டுபோன இட்லியை அங்கேயே சாப்பிட்டோம்.

அடுத்த நிறுத்தம் பெரம்பலூர். போன தடவை மயங்கி விழுந்த அத்தை அந்த ஊர் போர்டைப் பார்த்ததும், "ஏம்மா, இங்கதானே என்னைப் படுக்க வைச்சீங்க?" என்று சிரிச்சாங்க. இந்தத் தடவை அவங்க மடியில தண்ணி பாட்டில். மருமக ஒரு வேலை செஞ்சா: பாட்டில்ல பேனாவால கோடு போட்டு, "அத்தை, பெரம்பலூர் வரைக்கும் இந்தக் கோடு, திருச்சி வரைக்கும் அந்தக் கோடு"ன்னு சொல்லிட்டா. கிழவி பரீட்சை எழுதுற மாதிரி குடிச்சாங்க.

சமயபுரத்தில் கும்பிட்டு, கொள்ளிடம் காவிரி பாலம் தாண்டி, விராலிமலை பக்கம் மர நிழல்ல பாய் விரிச்சோம். புளிசாதம், உருளைக்கிழங்கு, மோர். டிரைவர் தம்பிக்கு முதல்ல போட்டு, முக்கால் மணி நேரம் படுக்கச் சொல்லிட்டோம். அவனுக்கே ஆச்சரியம். "அக்கா, இதுவரைக்கும் யாரும் என்னைத் தூங்கச் சொன்னதில்ல" என்றான். 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, அஞ்சு மணி நேரம் ஓட்டினா அரை மணியாவது ஓய்வுன்னு வைச்சாங்க. ஒத்தை வண்டிக்காரருக்கு அந்தச் சட்டம் எட்டியிருக்காது. தூக்கம் அவருக்கும்தானே வரும்.

பிள்ளைங்க மலையில மயில் அகவுறதைக் கேட்டுட்டு அங்கேயே இருக்கேன்னு அடம். மதுரையில ஒரு குடும்பம் இறங்கினாங்க. சாத்தூரில் காரச்சேவும் வெள்ளரிக்காயும் வாங்கினோம். கோவில்பட்டி போய்ச் சேரும்போது மாலை அஞ்சு மணி. பதிமூணு மணி நேரம். ராத்திரிப் பயணத்தை விட ஒரு மணி நேரம் குறைச்சல். வீட்டுக்காரங்க அதைக் கணக்குப் போட்டுப் பார்த்துட்டு ஒண்ணும் பேசலை. எங்களுக்கு அது போதும்.

வண்டி பேசும்போது இப்போ நாங்க கேக்கிறது: மஞ்சள் நம்பர் பிளேட்டா, பெர்மிட், எப்.சி., இன்சூரன்ஸ் நடப்பில இருக்கா. தெரிஞ்சவர் வண்டின்னு வெள்ளை போர்டுல வாடகைக்குப் போகாதீங்க. ஏதாவது ஆனா இன்சூரன்ஸ் கிடைக்காம இழுக்கும். டயரைக் கண்ணால பாருங்க. முந்தின நாள் டிரைவர் எங்கே ஓட்டினார், எத்தனை மணிக்குத் தூங்கினார்னு வெட்கப்படாம கேளுங்க. பாஸ்டேக்கில் பணம் இருக்கான்னும் கேளுங்க, கோவில்பட்டி போறதுக்குள்ள பத்துக்குக் குறையாம டோல்கேட் வருது. தேசிய நெடுஞ்சாலையில வண்டி நின்னுட்டா 1033, ஆம்புலன்ஸுக்கு 108. வழியில வேற யாராவது அடிபட்டுக் கிடந்தா போலீஸ் கேஸ் ஆயிடுமோன்னு பயந்து போயிடாதீங்க. உதவி செய்றவங்களைக் கட்டாயப்படுத்திச் சாட்சி ஆக்கக் கூடாதுன்னு 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியிருக்காங்க. விபத்தில் அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசு செலவில் பார்க்கிற திட்டத்தை 2021 டிசம்பரில் இதே ரோட்டில், மேல்மருவத்தூரில்தான் தொடங்கி வைச்சாங்க.

பையில ஒரு பழைய புடவை வையுங்க. இரண்டு பேர் பிடிச்சா மறைப்பு, விரிச்சா பாய், வாந்தி வந்தா துடைக்கவும் ஆகும். நாப்கின், பழைய செய்தித்தாள், ஒரு சோப்பு, ஒரு டார்ச். வாந்தி வர்ற பிள்ளைங்களை முன் சீட்டில் உட்கார வையுங்க, வெறும் வயித்தோடவும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம்.

பணம் பத்திப் பொருளாளர் அக்கா கேட்டாங்க. முதல் வருஷம் உள்கடன் எடுத்துத்தான் போனோம். பொங்கலுக்குப் போன கடனைச் சித்திரை வரைக்கும் கட்டினோம். அதனால ஆடி மாசத்தில் இருந்து ஒரு சீட்டுக்கு வாரம் 100 ரூபாய் தனியா சேர்க்கிறோம். 26 வாரத்துக்கு 2,600, பதினோரு சீட்டுக்கு 28,600 ரூபாய். வேன் வாடகை, டோல், டிரைவர் பேட்டா எல்லாம் அதில் அடங்கிடுது. குழுச் சேமிப்பில் இருந்து ஒரு பைசா தொடலை, இது தனி நோட்டு. கணக்கு எழுதுறது அந்தப் பத்தாம் வகுப்புப் பொண்ணு. இப்போ பன்னிரண்டாவது போயிட்டா. நிறுத்தம் எழுதுற காகிதமும் அவ பொறுப்புதான்.

இந்த வருஷம் ஒண்ணு கூட்டியிருக்கோம். போன தடவை அந்தத் தம்பி ஒருத்தனே பத்து மணி நேரம் ஓட்டினான், அது சரியில்லைன்னு எங்களுக்கே உறுத்தலா இருந்தது. அதனால இரண்டாவது டிரைவர் கேட்டிருக்கோம். 1,500 ரூபாய் கூட ஆகுது, ஒரு சீட்டுக்கு 140 ரூபாய்க்குள்ள. அவருக்கு ஒரு சீட் போக நமக்குப் பதினொண்ணு. ஒன்பது பேர் சேர்ந்தாச்சு, இரண்டு சீட் காலி இருக்கு. போகிக்கு முந்தின நாள் காலை நாலு மணி, அகஸ்தீஸ்வரர் கோயில் கிட்டே வண்டி நிக்கும். மதுரை, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி இறங்குறவங்க யாராவது இருந்தா கூட்டம் முடிஞ்சதும் எங்ககிட்டே பேர் கொடுங்க. சின்னப் பிள்ளை இருந்தா வயசையும் சேர்த்துச் சொல்லுங்க, நிறுத்தம் அதுக்குத் தகுந்த மாதிரி எழுதணும்.